எங்கள் ஊர்த் தளத்தில் நான் சேர்த்தவையும் சேர்க்காமல் விட்டவையும்

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் உள்ள எங்கள் ஊரின் சனசமூக நிலையத்துக்காக 2011ஆம் ஆண்டில் நானே எழுதிய இணையத்தளத்தை, பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 தை மாதத்தில்தான் முதற்தடவையாக ஒரு திட்டத்தோடு விரிவாக்கத் தொடங்கினேன். அதுவரை யார் எதைக் கேட்டாலும் அந்தக் கிழமைக்குள் சேர்த்துக் கொடுத்துவிடுவதே என் வழக்கமாக இருந்தது. பிஎச்பி மொழியிலும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்திலும் இயங்கும் சிறிய அமைப்பு அது. ஊரவர் கட்டுரை எழுதலாம், அறிவித்தல் இடலாம், படம் ஏற்றலாம், ஒருவர் எழுதியதன் கீழ் மற்றவர் கருத்துக் கூறலாம். வேர்ட்பிரஸ் போன்ற ஆயத்த அமைப்பொன்றை ஏன் எடுக்கவில்லை என்று பலர் கேட்டிருக்கிறார்கள். எங்கள் ஊர் மரண அறிவித்தலின் அமைப்பும், யுனிக்கோட்டுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் பல ஆண்டுகள் தட்டச்சுச் செய்து பழகியவர்களின் தேவையும் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தன. அவற்றுக்கு ஏற்ற ஒன்றைச் செய்துகொடுக்க அப்போது நேரமும் இருந்தது. அதே தெரிவைச் செய்ய நினைக்கும் வேறு ஊர்க்காரர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதனாலேயே இதனை எழுதுகிறேன்.

ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து, தொலைபேசியிலும் வைபரிலும் கோயில் வீதியிலும் மக்கள் என்னிடம் கேட்டவற்றையெல்லாம் நினைவுக்கு வந்த வரிசையில் எழுதினேன். 37 வேண்டுகோள்கள் சேர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு நிரல்கள் வரைந்தேன்: கேட்கப்பட்டது என்ன, கேட்டவர் இப்போது அந்த வேலையை எப்படிச் செய்கிறார், அது பிழைத்தால் யாருக்கு என்ன நடக்கும், நான் இல்லாத நாளில் அதனை யார் பார்ப்பார். நான்காம் நிரலில் மேலிருந்து கீழ்வரை என் பெயரை மட்டுமே எழுத முடிந்தது. மற்ற மூன்று நிரல்களையும் நிரப்ப மூன்று கிழமைகள் சென்றன, ஏனெனில் இரண்டாம் நிரலை வீட்டில் இருந்துகொண்டு நிரப்ப இயலாது. ஒவ்வொருவரிடமும் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது.

அப்படிப் போய்ப் பார்த்ததில் பட்டியலே உருமாறியது. அங்கத்தவர் சந்தாக் கணக்கைத் தளத்தில் வைக்கவேண்டும் என்று நிர்வாகக் கூட்டத்தில் கேட்டிருந்தார்கள். தனாதிகாரியின் வீட்டுக்குப் போனபோது, பற்றுச்சீட்டுப் புத்தகமும் காசேடும் ஒழுங்காக இருந்தன. ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முன்னர் கணக்காய்வாளர் பார்ப்பதும் அந்தக் காசேட்டைத்தான். கணினியில் இன்னொரு பிரதியை வைத்தால் அவருக்கு இரட்டை வேலையும், இரண்டும் ஒத்துவராத நாளில் தேவையற்ற சந்தேகமுமே மிஞ்சும். அந்த வேண்டுகோளை வெட்டினேன். இதற்கு மாறாக, நிகழ்ச்சி நாட்காட்டி ஒன்று வேண்டும் என்று கேட்டவர்கள் உண்மையில் செய்துகொண்டிருந்தது, வாசிகசாலை முகப்பில் உள்ள அறிவித்தற் பலகையைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வெளிநாட்டு உறவினருக்கு அனுப்புவது. ஆகையால் நான் செய்துகொடுத்தது நாட்காட்டி அன்று; வாசிகசாலைப் பொறுப்பாளர் பலகையைப் படம் எடுத்து, நாளையும் ஒரு வரியையும் மட்டும் இட்டு ஏற்றக்கூடிய ஒரு பக்கம். இன்றுவரை தளத்தில் நாள்தோறும் பயன்படும் பகுதி அதுவே.

ஆனாலும் முதல் ஆறு கிழமைகளில் கண்ணுக்குத் தெரியும் வசதி எதையும் சேர்க்கவில்லை. அதற்குப் பழைய காயம் ஒன்று காரணம். 2017இல் எங்கள் தளத்தை வைத்திருந்த நிறுவனம் தன் வழங்கிகளைப் பிஎச்பி 7க்கு மாற்றியது. தரவுத்தளத்தோடு பேசுவதற்கு நான் பயன்படுத்தியிருந்த பழைய கட்டளைத் தொகுதி அந்தப் பதிப்பில் முழுமையாக நீக்கப்பட்டிருந்தது. அது நீக்கப்படும் என்ற எச்சரிக்கை 2013இலேயே வந்திருந்தும், புதிது புதிதாக வசதி சேர்ப்பதில் இருந்த ஆர்வத்தில் நான் அதனைப் பொருட்படுத்தவில்லை. நான்கு நாட்கள் தளம் வெறும் வெள்ளைப் பக்கமாக இருந்தது. அந்த நான்கு நாட்களுக்குள் ஊரில் ஒரு மரணம் நிகழ்ந்தது. அறிவித்தலைத் தளத்தில் இட முடியவில்லை. பிள்ளைகள் மூவரும் வெளிநாட்டில் இருந்த ஒரு தாயின் மரணம் அது. என்னை யாரும் குறை சொல்லவில்லை, ஆயினும் அந்த நாட்களை நான் மறக்கவில்லை.

எனவே இம்முறை முதலில் கட்டளைத் தொகுதிகளைப் புதுப்பித்தேன். பழைய எம்டி5 முறையில் வைத்திருந்த கடவுச்சொற்களை, ஒவ்வொருவரும் அடுத்த தடவை உள்நுழையும்போது பாதுகாப்பான முறைக்கு மாறும்படி செய்தேன். அதன்பின் காப்புப்பிரதியைப் பரிசோதித்தேன். ஒவ்வொரு மாதமும் தவறாமல் எடுத்து வைத்திருந்த பிரதிகளில் ஒன்றை வேறொரு கணினியில் மீட்டுப் பார்த்தபோது, தமிழெழுத்து இருந்த இடமெல்லாம் கேள்விக்குறிகளாக இருந்தன. பிரதி எடுக்கும் கட்டளையில், எழுத்துகளைக் கணினி எந்த முறையில் எண்களாகச் சேமிக்கிறது என்பதைச் சொல்லும் எழுத்துத் தொகுதி தவறாகக் குறிக்கப்பட்டிருந்தது. பல ஆண்டுகளாக நான் சேமித்து வைத்தவை கேள்விக்குறிகள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைப் பார்த்த தலைமுறை வாழும் ஊரில், பிரதி இருக்கிறது என்று நம்பிக்கொண்டு மட்டும் இருப்பது எத்தனை பெரிய கவலையீனம் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். இப்போது ஒரு பிரதி என் வீட்டிலும், ஒன்று சனசமூக நிலைய அலுமாரியிலும், ஒன்று கனடாவில் உள்ள மருமகனிடமும் இருக்கின்றன. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அவற்றுள் ஒன்றை மீட்டு, பழைய கட்டுரையொன்றைத் திறந்து வாசித்துப் பார்க்கிறேன்.

எழுத்துத் தொகுதியைப் பற்றிய பாடம் இன்னொன்றும் உண்டு. மைஎஸ்கியூஎல்லில் யூரிஎவ்8 என்று பெயரிடப்பட்டிருந்த தொகுதி ஓர் எழுத்துக்கு அதிகபட்சம் மூன்று பைட்டுகளையே ஏற்கும். தமிழ் எழுத்துக் குறியீடு ஒவ்வொன்றும் சரியாக மூன்று பைட்டு என்பதால் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. கைத்தொலைபேசிகள் பெருகி, அனுதாபச் செய்திகளில் கைகூப்பும் சின்னத்தை இடும் வழக்கம் வந்தபோது, நான்கு பைட்டு தேவைப்படும் அந்தச் சின்னம் வந்த இடத்தோடு செய்தி துண்டிக்கப்பட்டது. சின்னத்தை முதலில் இட்டுவிட்டுப் பின்னர் எழுதியவர்களின் செய்திகள் வெறுமையாகவே பதிவாகின. ஆண்டுக்கணக்கில் எத்தனை பேரின் சொற்கள் அப்படி இல்லாமற்போயின என்பதை நினைக்கும்போது இன்றும் மனம் கனக்கிறது. நான்கு பைட்டுத் தொகுதி 2010இலேயே மைஎஸ்கியூஎல்லில் வந்துவிட்டது. மாற்றுவதற்கு ஒரு மாலைப்பொழுதே போதுமாக இருந்தது.

அதன் பின்னரே தேடலைக் கையில் எடுத்தேன். இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன், ஏனெனில் தமிழில் தளம் அமைக்கும் எவருக்கும் இது வரும். வெளிநாட்டில் இருந்து ஓர் அக்கா, "கேதாரகௌரி விரதக் காப்புக் கட்டும் நேரத்தைப் போட்டிருக்கிறதாச் சொல்லுறியள் தம்பி, தேடினால் ஒன்றும் வருகுதில்லையே" என்று கேட்டார். அறிவித்தல் தளத்தில் இருந்தது. அவர் கௌ என்பதை முறையான ஔகாரக் குறியோடு தட்டச்சுச் செய்திருந்தார். அறிவித்தலை இட்டவர் ஒற்றைக்கொம்பும் ககரமும் ளகரமும் கொண்டு அதே தோற்றத்தை உண்டாக்கியிருந்தார். திரையில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது; கணினிக்கு அவை முற்றிலும் வெவ்வேறான சொற்கள். கொ, கோ போன்றவற்றை இரு விதமாகக் குறியேற்றினாலும், எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியேற்றமாகிய யுனிக்கோட்டின் ஒழுங்காக்கல் விதி அவற்றை ஒன்றாக்கிவிடும். ஆனால் ளகரம் தனியெழுத்து என்பதால் இந்தச் சிக்கலை அந்த ஒழுங்காக்கல் தொடாது.

நான் செய்த முதற் திருத்தம் பெரும் பிழை. தரவுத்தளம் முழுவதிலும் ஒற்றைக்கொம்பை அடுத்து ளகரம் வரும் இடங்களை எல்லாம் ஔகாரக் குறியாக மாற்றும்படி ஒரு கட்டளையை இரவில் ஓடவிட்டேன். விடிந்து பார்த்தபோது வெள்ளிக்கிழமை என்ற சொல் தளம் முழுவதும் சிதைந்து கிடந்தது. வெள்ளம், வெளி, தெளிவு எல்லாம் அப்படியே. கோயில் அறிவித்தல்களில் வெள்ளிக்கிழமை இல்லாத பக்கமே இல்லை. முதல் மாதத்தில் காப்புப்பிரதியைச் சரிசெய்து வைத்திருந்ததால் ஒரு மணித்தியாலத்தில் மீட்க முடிந்தது. வரிசையை மாற்றிச் செய்திருந்தால் மீட்க எதுவும் இருந்திராது.

சரியான வழி, எழுதியவரின் எழுத்தை ஒருபோதும் தொடாமல், தேடலுக்கென்று தரவுத்தள அட்டவணையில் தனியாக ஒரு நிரலை வைப்பது. அந்த நிரலில் ஔகாரக் குறி அனைத்தையும் கொம்பும் ளகரமுமாக உடைத்து வைக்கிறேன். தேடுபவர் இடும் சொல்லையும் அவ்வாறே உடைத்த பின்னர் ஒப்பிடுகிறேன். வெள்ளிக்கிழமை தன் இயல்பில் நிற்கும், கௌரியை எப்படி எழுதினாலும் கிடைக்கும். ஔவையாரின் முதலெழுத்துக்கும் இதே வழி பொருந்தும். கோயிற் பெயர்களின் முன்னே வரும் ஸ்ரீ என்ற எழுத்தையும் இரு வேறு குறியீடுகளால் எழுத முடியும் என்பதால், அதனையும் தேடல் நிரலில் ஒன்றாக்கினேன். அந்த வாரத்தில் அதே அக்காவுக்குத் தொலைபேசி எடுத்து மீண்டும் தேடிப் பார்க்கச் சொன்னேன், கிடைத்தது.

பக்கங்களுக்குத் தமிழ்த் தலைப்பையே முகவரியாக்க வேண்டும் என்ற வேண்டுகோளும் எழுத்துச் சிக்கலில்தான் போய் முடிந்தது. எழுத்தும் எண்ணும் அல்லாதவற்றை நீக்கு என்று நான் கொடுத்த கட்டளை யாழ்ப்பாணம் என்பதை யழபபணம என்று ஆக்கியது, ஏனெனில் யுனிக்கோட்டில் உயிர்க்குறிகளும் புள்ளியும் எழுத்து என்ற வகையில் அன்றிக் குறி என்ற வகையிலேயே சேர்க்கப்பட்டுள்ளன. இரண்டு வகைகளையும் அனுமதிக்க வேண்டும். அதைத் திருத்திய பின்னும் இன்னொரு தடை இருந்தது. யாழ்ப்பாணம் என்பது 11 குறியீடுகள். வைபரில் ஒட்டும்போது ஒவ்வொன்றும் 9 குறிகளாக விரிந்து, அந்த ஒரு சொல்லே 99 குறிகள் நீளமாகிறது. கிழவர்கள் அதைக் கண்டு ஏதோ கிருமி என்று அஞ்சி அழுத்தாமல் விட்டார்கள். எண்ணை மட்டும் கொண்ட குறுகிய முகவரிக்கே திரும்பினேன்; அழகைவிட அழுத்தத் துணிவு வருவதே எனக்கு முக்கியமாகப்பட்டது.

மரண அறிவித்தல் எங்கள் தளத்தின் நெஞ்சு என்று சொல்லலாம். அதில் மூன்று மாற்றங்கள் கேட்கப்பட்டிருந்தன. நேரத்தைப் பார்ப்பவரின் நாட்டு நேரத்தில் காட்டும்படி கேட்டதற்கு இணங்கி ஒருமுறை செய்து பார்த்தேன். இங்கே புதன்கிழமை காலை 10 மணிக்கு நடக்கும் கிரியை, மாரிகாலத்தில் ரொறன்ரோவில் உள்ளவருக்குச் செவ்வாய்க்கிழமை இரவு 11.30 என்று தோன்றியது. கணக்குச் சரியானது, ஆனால் நாள் மாறியதைக் கண்ட உறவினர் வீட்டாரிடம் தொலைபேசியில் விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். துயரில் இருக்கும் வீட்டுக்கு அப்படி ஒரு தொல்லையைக் கொடுக்கக் கூடாது. இப்போது இலங்கை நேரம் என்ற சொற்களோடு இங்குள்ள நேரத்தையே பெரிதாகக் காட்டி, அதன் கீழே சிறிதாக மற்ற நேரத்தைக் கொடுக்கிறேன்.

இரண்டாவது, படங்கள். கைத்தொலைபேசிப் படங்களை ஏற்றும்போது சுருக்குவதற்கு ஏற்பாடு செய்தபோது, பல படங்கள் பக்கவாட்டில் சாய்ந்து வந்தன. படத்தின் நிமிர்வைச் சொல்லும் குறிப்பு படத்தின் உள்ளே தனியாக இருக்கிறது. சுருக்கும்போது அந்தக் குறிப்பு விடுபட்டுப்போகிறது. முதலில் குறிப்பை வாசித்துப் படத்தைத் திருப்பி, அதன்பின் சுருக்கவேண்டும். அதே குறிப்புத் தொகுதிக்குள் படம் எடுத்த இடத்தின் அகலாங்கும் நெட்டாங்கும்கூட இருக்கக்கூடும் என்பதால், அவை எஞ்சாதபடி பார்த்துக்கொண்டேன். வீட்டார் எல்லாரும் சுடலைக்கும் கோயிலுக்கும் போயிருக்கும் நாளில், அந்த வீடு எங்கே என்று உலகுக்கு அறிவிக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, ஆண்டுத் திவசத்தை நினைவூட்டும் மின்னஞ்சல். இதில் நான் அவசரப்பட்டேன். இறந்த ஆங்கிலத் திகதியை வைத்து ஆண்டுதோறும் மின்னஞ்சல் போகும்படி செய்துவிட்டேன். ஒரு குடும்பத்துக்குத் திதி கழிந்து ஒன்பதாம் நாள் அந்த மின்னஞ்சல் போய்ச் சேர்ந்தது. அவர்கள் மிகவும் பொறுமையாகத்தான் எனக்கு அறிவித்தார்கள். பிறகு திதியைக் கணிக்கும் செய்நிரல் ஒன்றை எழுத முனைந்து, எங்கள் கோயில் ஐயாவிடம் போனேன். அவர் மேசையில் வாக்கிய பஞ்சாங்கத்தையும் திருக்கணித பஞ்சாங்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, ஒரே திதி முடியும் நேரம் இரண்டிலும் வேறுபடுவதைக் காட்டினார். யாழ்ப்பாணத்தில் சில குடும்பங்கள் ஒன்றையும் சில குடும்பங்கள் மற்றதையும் பின்பற்றுகின்றன. சில வேளைகளில் நாளே மாறிவிடும். அதைத் தீர்மானிக்கும் உரிமை என் கணினிக்கு இல்லை. இப்போதைய ஏற்பாட்டில், சென்ற ஆண்டு திவசம் நடந்த நாளுக்கு 45 நாட்கள் முன்னதாக, இவ்வாண்டு எந்த நாள் என்று குடும்பத்திடம் தளம் கேட்கிறது. அவர்கள் தங்கள் ஐயரிடம் கேட்டு இடும் நாளே நினைவூட்டலுக்குரிய நாள். சந்திரக் கணக்கின்படி திதி ஏறத்தாழ 11 நாட்கள் முன்னே வரக்கூடும் என்பதால் அந்த 45 நாள் இடைவெளி போதுமானது.

எழுதும்போதே தானாகச் சேமிக்கும் வசதியைப் பற்றி யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. 2022 பங்குனியில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம்வரை நீண்டபோது, இளைப்பாறிய ஆசிரியை ஒருவர் எங்கள் ஊர்க் கேணிகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த நீண்ட கட்டுரையை இரண்டு தடவை இழந்தார். மூன்றாம் தடவை அவர் கொப்பியில் எழுதி என்னிடம் தந்தார். இப்போது ஒவ்வொரு பத்து விநாடிக்கும் எழுதியது உலாவியின் உள்ளேயே பதிவாகிறது. மின்சாரமும் இணைப்பும் திரும்பியபின் விட்ட இடத்தில் இருந்து தொடரலாம். சேர்த்தவற்றுள் மிகக் குறைந்த வேலையில் மிகுந்த நன்மை தந்தது இதுவே.

மறுத்தவற்றுள் இரண்டைச் சொல்ல வேண்டும். ஊர்க் குடும்பங்களின் வம்சவரிசையைத் தளத்தில் அமைக்கும் வேண்டுகோள் பலருக்கும் விருப்பமானது, எனக்கும்தான். ஆனால் உயிரோடு இருப்பவர்களின் பிறந்த நாளும் தாயின் கன்னிப் பெயரும் ஒரே இடத்தில் சேர்ந்தால் அது வங்கிக் கணக்கின் திறப்பைக் கையில் கொடுப்பது போன்றது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துள்ள நிலையில், ஒவ்வொருவரின் சம்மதத்தையும் பெற்றுப் பேணும் ஆளணி எங்களிடம் இல்லை. மற்றது, அங்கத்தவர்கள் உடனுக்குடன் உரையாடும் அறை. காணி எல்லையொன்றைப் பற்றிய பழைய பிணக்கு ஒருமுறை கருத்துப் பகுதியில் வெடித்து, நான் நித்திரையில் இருந்த ஐந்து மணித்தியாலத்துக்குள் இரண்டு குடும்பங்கள் பேச்சுவார்த்தை இல்லாமற்போனதை நான் கண்டிருக்கிறேன். அன்று முதல் கருத்துகள் ஒருவர் வாசித்த பின்னரே வெளியாகின்றன. இணையத்தில் வெளியாகும் கூற்றுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 2024இல் வந்தபோது அந்த ஏற்பாடு இருந்ததில் நிர்வாகத்துக்கு ஆறுதல். வாசித்து அனுமதிக்க ஆள் இல்லாத எந்த வசதியையும் நான் திறக்கமாட்டேன். கைத்தொலைபேசிச் செயலி வேண்டும் என்றவர்களுக்கு, தளத்தையே சிறிய திரைக்கு ஏற்பத் திருத்திக் கொடுத்தேன். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

37இல் இதுவரை 14 நிறைவேறியுள்ளன, 11 வெட்டப்பட்டுள்ளன. எஞ்சியவற்றை உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படித்த என் பெறாமகளோடு சேர்ந்து பார்க்கிறேன். செய்நிரலைக் கையளிப்பதற்காக அவளை முதல் வரியில் இருந்து வாசிக்கச் சொன்னபோது, "சித்தப்பா, தேடலில் இந்த ஔகாரத்தை ஏன் உடைச்சு வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை சிதைந்த கதையைச் சொன்னேன். அவள் அதை இரண்டு வரிகளில் செய்நிரலின் உள்ளேயே குறிப்பாக எழுதினாள். இப்படி நான் எழுதாமல் விட்ட குறிப்புகள் இன்னும் எத்தனை என்று கேட்டு, நாங்கள் இருவரும் சனிக்கிழமைகளில் அவற்றை எழுதிவருகிறோம். சென்ற மாதம் அவள் கொப்பியில் 38ஆவது வேண்டுகோளைச் சேர்த்தாள்: பழைய விழா மலர்களைப் பாமினியில் இருந்து யுனிக்கோட்டுக்கு மாற்றி, கட்டுரை கட்டுரையாகத் தேடத்தக்கதாக்குதல். நான்காம் நிரலில் அவளுடைய பெயரும் வாசிகசாலைப் பொறுப்பாளரின் பெயரும் இருக்கின்றன. என் பெயர் இல்லை.